அக்காவின் கல்லை யாரும் சுற்ற வேண்டாம்

என் வயசுக்காரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சேற்றில் குனிந்த முதுகு இன்னும் நிமிராதவர்களுக்கு. ஆற்றில் தண்ணீர் விட்டார்கள் என்று கேட்டதும் இந்த வயசிலும் உள்ளங்கை அரிக்கிறவர்களுக்கு. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், வரி கோணும். கோணட்டும். நாற்று நட்டால் என் வரிசை ஒருநாளும் கோணியதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

தை மாசம் எங்கள் தெருக்கோடியில் வேப்பமரத்தடிக் கல்லுக்குப் பாவாடை சாத்திப் படையல் போடுகிறோம். கன்னியம்மா என்று கும்பிடுகிறோம். அது என் அக்கா. உங்களில் சிலருக்கு அது தெரியும். ஆனால் அவள் எப்படிக் குடம் துலக்கினாள், எப்படி நடந்தாள், எதனால் செத்தாள் என்று பக்கத்தில் இருந்து பார்த்த ஆள் இன்றைக்கு நான் ஒருத்திதான் மிச்சம்.

அந்த வருஷம் எனக்கு ஒன்பதோ பத்தோ. அக்காவுக்குப் பதினைந்து இருக்கலாம். பிறந்த தேதி வைத்துக்கொள்ளும் வீடு இல்லை எங்களுடையது. கீழ்வேளூருக்குத் தெற்கே, மிராசுதார் நிலத்தை ஒட்டிய தெரு. தம்பி அப்போது அம்மா இடுப்பில் இருந்தான். வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்த நேரம். முதல் நாள் தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி, மேலே நுரையும் சருகுமாக, ஒரு பச்சை வாடையோடு வரும். நாங்கள் கரையோடு அதன் கூடவே ஓடுவோம். அக்கா ஓடவில்லை. குடத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு அவள் அப்பா கொடுத்த சீர் அந்த ஒரே பித்தளைக் குடம். கழுத்தைச் சுற்றி அம்மாவின் பெயரைப் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும். இருட்டிலும் விரலால் தடவிப் பார்த்தே எங்கள் குடம் என்று சொல்லிவிடலாம். அக்கா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பாள். கழுவுவாள். தண்ணீர் மொண்டு இடுப்பில் வைத்து இரண்டடி நடப்பாள். நிற்பாள். அப்படியே கவிழ்த்துவிட்டு மறுபடி தேய்க்க உட்கார்ந்துவிடுவாள். மற்ற வீடுகளில் உலை கொதிக்கும் நேரத்தில் எங்கள் வீட்டில் அடுப்பே மூட்டியிருக்காது. அவள் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, புளி பட்டு எரியும். எரிந்தாலும் விடமாட்டாள். அம்மா பெயரில் பாதி தேய்ந்தே போயிற்று.

"என் பேரையே அழிச்சுட்டியேடி," என்றாள் அம்மா ஒருநாள். திட்டவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள்.

குடம் மட்டும் இல்லை. எங்கள் வீட்டுக்குக் கதவு கிடையாது, கீற்றுப் படல்தான். வேலைக்குப் போகும்போது அதைக் கயிற்றால் கட்டுவோம். அக்கா கட்டுவாள், அவிழ்ப்பாள், கட்டுவாள். உள்ளே திருட என்ன இருக்கிறது என்று தெருவே சிரிக்கும். அவளோடு போ, அவளை இழுத்துக்கொண்டு வா என்று அம்மா என்னை விட்டாள். அப்படித்தான் நான் அவளுக்குத் துணையானேன்.

முதலில் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. "சரியா இருக்கா, சொல்லு," என்று கேட்பாள். சரியாக இருக்கிறது என்பேன். "நல்லாப் பாத்துச் சொல்லு," என்பாள். பார்த்துச் சொல்வேன். "நீ பாக்காம சொல்றே," என்பாள். ஒரு பதில் சொன்னால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கேள்வி வரும். அவளுக்கு என் பதிலால் ஆறுதல் வந்த மாதிரி இருக்கும், அடுத்த மூச்சில் போய்விடும். அதனால் பதில் சொல்வதை விட்டேன். முன்னால் மெதுவாக நடந்து, பூவரச மரத்து வளைவில் போய்த் திரும்பிப் பார்க்காமல் நிற்பேன். கொஞ்ச நேரம் ஆகும். பிறகு அவள் காலடி கேட்கும். நான் ஓடிவிட்டால் வரமாட்டாள். திரும்பிப் பார்த்தாலும் வரமாட்டாள். நான் அங்கே நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ரொம்ப மாட்டிக்கொண்ட நாளில் அதுவும் நடக்காது. அப்போது அவள் சுண்டுவிரலில் என் சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டு நடப்பேன். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தால் கன்றுக்குட்டி மாதிரி முரண்டு பிடிப்பாள். சுண்டுவிரலுக்கு வந்துவிடுவாள். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

சம்பா நடவு தொடங்கியது. அக்காவை முழு ஆளாகச் சேர்த்துக்கொண்ட முதல் நடவு அது. ஆள் கூட்டிப்போகிறவள் எங்கள் அத்தை, அப்பாவுக்கு மூத்தவள். அத்தை மகனுக்குத்தான் அக்கா என்று பேச்சு. தை அறுப்பு முடிந்ததும் கல்யாணம். ஆகவே அந்த வரிசையில் அக்கா நின்று காட்ட வேண்டும். கூலி ஒருபக்கம், வரிசையில் நிற்க முடியாத பெண்ணை யார் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்? அம்மா அன்றைக்குக் காலையில் அவள் தலையில் எண்ணெய் தடவி இறுக்கப் பின்னிவிட்டாள்.

நடவு எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் பேரப்பிள்ளைகள் படித்தால் தெரியட்டும் என்று சொல்கிறேன். எல்லாரும் ஒரே வரிசையாகக் குனிந்து, நட்டுக்கொண்டே பின்னால் போக வேண்டும். ஒருத்தி பிந்தினால் இரண்டு பக்கத்தாரும் அவளைத் தாண்டிப் போய்விடுவார்கள். அவளைச் சுற்றிப் பயிர் நின்றுவிடும், அவள் மட்டும் நடுவில் ஒரு குட்டைத் தண்ணீரில் நிற்பாள். அக்கா முதல் நாளே அப்படி நின்றாள். நட்ட நாற்றைப் பிடுங்குவாள், கழுவுவாள், திரும்ப நடுவாள்.

"ஏண்டி, ஒவ்வொரு நாத்துக்கும் பேரு வச்சுக் காது குத்திட்டுதான் நடுவியா?" என்றாள் பக்கத்து வரிசைக்காரி. வயலே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இன்னொன்றைப் பிடுங்கினாள்.

வரப்பில் குடை பிடித்து நின்ற மிராசுதாரின் காரியக்காரர் அத்தையைப் பார்த்தார். அத்தை அக்காவை வரப்போரத்துக்கு மாற்றினாள். எனக்கு நாற்று முடியைக் கட்டுக் கட்டாக எடுத்துக் கொடுக்கிற வேலை. மறுநாள் நான் ஒன்று செய்தேன். முடியை அவிழ்த்து, கையளவாக நானே பிரித்து, ஒவ்வொன்றாக அவள் கையில் வைத்தேன். அவள் கை வெறுமையாகும் முன்னால் அடுத்தது வந்துவிடும். பிடுங்கக் கை ஏது? அன்றைக்கு அவள் வரிசையோடு பின்னால் போனாள். அதற்கு அடுத்த நாளும் போனாள். சேற்று வாசமும் வெற்றிலை எச்சில் வாசமுமாக, குனிந்த பெண்கள் நடுவே என் அக்கா பாட்டை எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே அத்தைக்கு அன்றுதான் தெரிந்தது. "என் மருமவ குரலப் பாரு," என்றாள்.

அந்தச் சில நாள்தான். பிறகு எனக்குச் சுரம் வந்து படுத்துவிட்டேன்.

அன்று எல்லாரும் கரையேறிக் கால் கழுவப் போன பிறகு அக்கா மட்டும் வயலுக்குத் திரும்பியிருக்கிறாள். தன் வரிசையைச் சரிபார்க்கப் போனவள் அதைப் பிடுங்கினாள், பக்கத்து வரிசை கோணலாகத் தெரிந்ததும் அதையும் பிடுங்கினாள். விடிந்து பார்த்தால் வரப்புக்கு வரப்பு ஒரு கண்டு முழுக்க நாற்று வேரோடு மிதந்தது. அத்தனை பெண்களும் கூலியில்லாமல் திரும்ப நட்டார்கள். யாரும் பாடவில்லை. முடிந்ததும் அத்தை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உட்காரவில்லை.

"இவள நான் இனிமே வயலுக்குக் கூட்டிப்போகல. எம் மவன் பேச்சையும் விட்டுடுங்க," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் நான் அக்காவிடம் கேட்டேன், ஏன் அப்படிச் செய்தாய் என்று. படுத்திருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வெடித்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ஒரு நாத்து சரிஞ்சு நின்னாக்கூட அம்மா செத்துடும்னு தோணுதுடி. பொய்யின்னு தெரியுது. தெரிஞ்சும் தோணுது. சரி பண்ணாத்தான் விடுது."

குடமும் அதற்குத்தான். படலும் அதற்குத்தான். ஊரெல்லாம் திமிர் என்றும் மந்தம் என்றும் சொன்ன பெண், விடிந்தது முதல் பொழுது அடைகிற வரைக்கும் அம்மா உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் அதை அம்மாவிடம் சொன்னேன். சொன்னதில் தப்பில்லை, இன்றைக்கும் சொல்வேன். அம்மா காதில் அது வேறு மாதிரி விழுந்தது. செய்யாமல் விட்ட நேர்த்திக்கடன் ஏதோ இருக்கிறது, மாரியம்மா பிள்ளை வாயால் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள். அக்காவை எங்கள் தெருப் பூசாரியிடம் கூட்டிப்போனாள். பூசாரி கெட்டவர் இல்லை. அம்மை போட்ட வீட்டுக்கெல்லாம் அவர்தான் வேப்பிலையோடு போய் நிற்பார். அக்கா தலையில் திருநீறு வைத்து நிதானமாகச் சொன்னார்.

"ஈரத்துணியோட கோயிலச் சுத்தட்டும். மனசு நிறையிற வரைக்கும் சுத்தட்டும். நடுவுல நெனப்பு சிதறினா அந்தச் சுத்து சேராது, மொதல்லேருந்து சுத்தணும்."

உங்களுக்கோ எனக்கோ இதைச் சொன்னால் கால் வலிக்கிற வரைக்கும் சுற்றிவிட்டு, மனசு நிறைந்தது என்று வீட்டுக்கு வந்திருப்போம். மனசு நிறைவது என்றால் என்னவென்றே தெரியாமல் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் போய் இதைச் சொன்னார்கள்.

அக்கா சுற்ற ஆரம்பித்தாள். விடிகாலையில் வாய்க்காலில் முழுகிவிட்டுப் போவாள். நாலைந்து சுற்று போனதும் நிற்பாள், முகம் மாறும், வாசலுக்குப் போய் முதலிலிருந்து தொடங்குவாள். வெயில் ஏறும். ஈரப்பாவாடை மேலேயே காயும். மறுபடி முழுகி வந்து சுற்றுவாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டாள்.

இதைப் பார்த்து ஊர் என்ன சொல்லிற்று தெரியுமா? பக்தி என்றது. வயலில் பேர் வைத்துக் காது குத்துகிறாளா என்று கேட்ட அதே பெண், எலுமிச்சம்பழம் கொண்டுவந்து அக்கா நடக்கும் வழியில் வைத்துக் கும்பிட்டாள். பக்கத்துத் தெருவிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் கையால் திருநீறு பூசச் சொன்னார்கள். அத்தை வந்தாள். அக்கா காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். "இவ என் வீட்டுல வந்து வெளக்கேத்தணும், நான் வாய் தவறிப் பேசிட்டேன்," என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். அம்மா அன்றைக்கு நின்ற நிற்பு எனக்கு மறக்கவில்லை. தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். குடத்தைக் கவிழ்க்கும்போது இருக்குமே, அதே முகம். ஓடிப்போய் அவள் சுண்டுவிரலைப் பிடித்தேன். அவள் கை எனக்காகவே காத்திருந்த மாதிரி உடனே கோத்துக்கொண்டது. இரண்டடி என்னோடு வாசல் பக்கம் வந்தாள்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "சாமி காரியத்துல கை வைக்காத."

விரல் பிரிந்தது. அக்கா வாசலுக்குப் போய் முதலிலிருந்து தொடங்கினாள். அதன் பிறகு என்னைக் கோயில் பக்கம் விடவில்லை. அம்மா அப்படிப் பிடித்தது ஏன் என்று இப்போது எனக்குப் புரிகிறது. அவள் பெற்ற பெண்ணை நாலு பேர் கும்பிட்டது அதுதான் முதல் தடவை. அதை விட்டுவிட அவளுக்கு மனசு வரவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கோயில் வேலியிலிருந்து கருவேல முள் ஒன்று சேற்றில் கிடந்து அக்கா காலில் ஏறியது. உட்கார்ந்து பிடுங்கினால் சுற்று கெட்டுவிடும் என்று அதோடேயே நடந்திருக்கிறாள். கால் வீங்கியது. பெண்கள் மஞ்சள் அரைத்துப் பூசினார்கள். அவள் நொண்டிக்கொண்டே சுற்றினாள். சில நாள் கழித்துக் கஞ்சி குடிக்க வாய் திறக்க வரவில்லை. பேச்சும் நின்றது. மௌன விரதம் என்றார்கள். என் வயசுக்காரிகளே, வாய் பூட்டிக்கொண்டு பல்லைக் கடித்து நின்ற பெண்ணைப் பார்த்து விரதம் என்று கும்பிட்டார்கள்.

பிறகு உடம்பு பின்பக்கமாக வளைந்தது. அம்மன் இறங்கிவிட்டாள் என்று உடுக்கையை எடுத்தார்கள். அப்பா இப்படி ஒரு வண்டிக்காரன் செத்ததைப் பார்த்திருக்கிறார். அவர் எல்லாரையும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இது சாமி இல்ல. முள்ளு குத்தி வந்த ஜன்னி. வண்டியக் கட்டுங்க."

நாகப்பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வைக்கோல் பரப்பிய வண்டியில் அவள் தலைமாட்டில் அம்மா, பக்கத்தில் நான். ஆற்றில் வெள்ளம் பாலத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் வடியட்டும் என்று கரையில் நின்றோம். மாட்டு மூச்சும் நனைந்த வைக்கோல் வாசமும் மழைச் சத்தமும். நான் அவள் சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது கொக்கி மாதிரி இறுகியிருந்தது. பிறகு இறுக்கம் விட்டது. அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று அம்மா சொன்னாள்.

கல்யாணமாகாமல் போன பெண் கன்னித் தெய்வம். எங்கள் வழக்கம் அது. வேப்பமரத்தடியில் கல் நட்டார்கள். அம்மா அந்தக் குடத்தைக் கொடுத்து, உருக்கி மணி வார்க்கச் சொன்னாள். தையில் நீங்கள் அடிக்கிறீர்களே, அந்த மணிதான். கையால் தடவினால் இப்போது எந்தப் பெயரும் தட்டுப்படாது. மந்தமான பிள்ளைகளைக் கன்னியம்மாவைச் சுற்றவிட்டால் சரியாகும் என்று அப்புறம் ஒரு பேச்சு கிளம்பி, அதுவே வழக்கமாகிவிட்டது. அம்மா சாகிற வரைக்கும் சுற்றினாள். நான் ஒருநாளும் சுற்றியதில்லை. அவளுக்கு ரொம்பத் திமிர் என்று என்னைப் பற்றி நீங்கள் பேசியதும் என் காதுக்கு வந்தது.

இந்தத் தையில் நடந்ததைத்தான் கடைசியாகச் சொல்ல வந்தேன்.

தம்பியின் பேத்தி பத்தாவது படிக்கிறாள். குளிக்கப் போனால் வெளியே வர மாட்டாள். பரீட்சையில் எழுதியதை அழித்து அழித்துத் தாள் கிழிந்துவிடும், பாதிக் கேள்வியோடு மணி அடித்துவிடும். பள்ளிக்கூட பஸ் அவளுக்காக நின்று பார்த்துவிட்டுப் போய்விடும். தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கு டாக்டர் இருக்கிறார், காட்டுங்கள் என்று டீச்சர் சொல்லியும், நம் பிள்ளைக்கு நம் கன்னி முதலில் கேட்கட்டும் என்று தம்பி முடிவெடுத்துவிட்டான். படையலன்று அந்தப் பெண்ணை ஈரத்துணியோடு கல் முன்னால் நிறுத்தினார்கள். அவள் அம்மா, பாவம், அவளும் களைத்துப்போனவள்தான், பிள்ளை தோளைத் தொட்டுச் சொன்னாள்.

"மனசு நிறையிற வரைக்கும் சுத்தும்மா."

யார் சொல்லி யாரிடம் வந்து சேர்ந்த வார்த்தையோ. ஒரு எழுத்து மாறாமல் வந்திருந்தது. நான் எழுந்துபோய் நடுவில் நின்றேன். தம்பி கையை நீட்டினான்.

"அக்கா, சாமி காரியம். கை வைக்காத."

"இது சாமி இல்லடா. நம்ம அக்கா. நீ இடுப்புல இருந்த, உனக்குத் தெரியாது. யாராச்சும் நிறுத்த மாட்டாங்களான்னு சுத்திக்கிட்டே இருந்தா. ஒருத்தரும் நிறுத்தல. இந்தப் புள்ளைய நான் நிறுத்துறேன்."

அவன் என்னை அடிக்கிறவன் மாதிரிப் பார்த்தான். பிறகு கையை இறக்கினான். நான் அந்தப் பெண்ணின் சுண்டுவிரலைக் கோத்து வீட்டுக்குக் கூட்டிவந்து, தலை துவட்டி, மறுநாள் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றினேன். டாக்டர் சின்னப் பெண். இது ஒரு நோய், உலகமெல்லாம் இருக்கிறது, மாத்திரையும் பயிற்சியும் உண்டு என்றது. நோயின் பெயரைச் சொன்னது, என் வாயில் நிற்கவில்லை. பிள்ளை திரும்பத் திரும்பக் கேட்டால் பதில் சொல்லாதீர்கள், ஆனால் கூடவே இருங்கள் என்றது. சரிம்மா என்று மட்டும் சொன்னேன்.

முழுக்கச் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்னும் குளிக்க நேரமாகிறது. இன்னும் அழுகிறாள். மாசாமாசம் போய் வருகிறோம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அக்காவுக்குப் பாவாடை சாத்துங்கள், பொங்கல் வையுங்கள், மணியை அடியுங்கள். கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் உட்காருங்கள். சுற்ற வேண்டாம், பிள்ளைகளைச் சுற்றவும் விட வேண்டாம். அவள் நடந்தது போதும்.

போன வாரம் தஞ்சாவூர் கிளம்பினோம். கதவைப் பூட்டிவிட்டு இறங்கினோம், அந்தப் பெண் படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஆயா, பூட்டினோமா?"

நான் பதில் சொல்லவில்லை. மெதுவாக நடந்து ரோட்டு வளைவில் போய், திரும்பிப் பார்க்காமல் நின்றேன். பஸ் தூரத்தில் ஹாரன் அடித்தது. கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.